முதலில் வேர்

தமிழ்ப் பாடசாலையொன்றின் ஆண்டு விழா மலரிலே மொழியின் தொன்மையையும் இலக்கியத்தின் பெருமையையும் எடுத்துரைப்பதே வழமை. அவ்வழமையினின்றும் சற்றே விலகி, இவ்வாண்டு ஓக் மரத்தை விதையிலிருந்து வளர்ப்பது பற்றி எழுத முற்படுகிறோம். இங்கிலாந்தின் பூங்காக்களிலும் வயலோரங்களிலும் நாள்தோறும் எமது பிள்ளைகள் காணும் மரம் அது. அதன் விதை முளைக்கும் முறையிலே, எம் பிள்ளைகளின் தமிழ்க் கல்வி குறித்துப் பெற்றோர் சிந்திக்க வேண்டிய செய்தியொன்று அடங்கியுள்ளது. வரும் இலையுதிர் காலத்தில் எமது பாடசாலையின் ஒவ்வொரு மாணவரும் ஓர் ஓக் விதையை ஊன்றி, அதன் வளர்ச்சியைத் தமிழிலே எழுதிவர வேண்டும் என்பது எமது முன்மொழிவு. அதற்கான நியாயங்களை இங்கே முன்வைக்கிறோம்.

தமிழ் விவிலியத்திலே இம்மரம் கர்வாலி மரம் என்று குறிக்கப்படுகின்றது. வழக்கில் ஓக் என்றே யாவரும் அறிவர் ஆதலால் நாமும் அவ்வாறே வழங்குவோம். செப்ரெம்பர் பிற்பகுதியிலிருந்து நவம்பர் வரை, சிறு கிண்ணம் போன்ற மூடியிற் பொருந்திய அதன் விதைகள் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும். ஒரு விதையின் நிறை சில கிராம் மாத்திரமே. ஆயின் அதிலிருந்து எழும் மரம் பல நூற்றாண்டுகள் வாழவல்லது. லிங்கன்சயரின் போத்தோப் என்னுமிடத்து ஓக் மரத்தின் அடிமரச் சுற்றளவு 12 மீற்றருக்கும் அதிகம். அதன் வயது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும் என மதிப்பிடுகின்றனர்.

வேரின் வழி

பாலர் வகுப்பிலே ஈரப் பஞ்சின்மீது பயற்றை முளைக்க வைக்கும் பயிற்சியைப் பிள்ளைகள் பலர் செய்திருப்பர். பயறு மூன்றாம் நாளே முளை காட்டும். ஒரு வாரத்துள் தன் வித்திலைகள் இரண்டையும் சுமந்துகொண்டு தண்டு மேலெழும். பிள்ளைகள் கைகொட்டி மகிழ்வர். ஓக் விதையின் இயல்போ வேறு. ஒக்ரோபரில் விழுந்த விதை, ஈரமண் கிடைத்ததும், பெரும்பாலும் குளிர்காலம் முடியுமுன்னரே வேரை விட்டுவிடுகிறது. அவ்வேர் நேரே கீழ்நோக்கி இறங்குகிறது. நிலத்தின் மேலே யாதோர் அடையாளமும் இல்லை. ஐந்தாறு மாதங்கள் கழிந்து, ஏப்ரல் அல்லது மே மாதத்திலேதான் தளிர் வெளிப்படுகின்றது. பயற்றினைப் போலன்றி, இதன் வித்திலைகள் ஓட்டினுள்ளேயே நிலத்தின்கீழ் தங்கியிருந்து கன்றுக்கு உணவூட்டுகின்றன. முயலோ அணிலோ தளிரைக் கடித்துவிட்டாலுங்கூட, அடியிலுள்ள உணவையும் வேரையும் துணைக்கொண்டு மீண்டும் ஒரு தளிரை விட அக்கன்றால் இயலும். முதலாண்டின் முடிவிலே தண்டின் உயரம் ஒரு சாணளவே இருக்கும். ஆணிவேரோ அதனினும் ஆழமாக இறங்கியிருக்கும்.

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பிறந்து வளர்ந்த பெற்றோருக்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. பனையும் இவ்வாறே முளைக்கின்றது. மண்ணை உயர்த்தி அமைத்த பாத்தியிலே பனங்கொட்டைகளை அடுக்கிப் புதைப்பார்கள். முளை மேலே வராது. கீழ்நோக்கியே இறங்கிக் கிழங்காகும். தை, மாசி மாதங்களிலே பாத்தியைக் கிண்டிக் கிழங்கை அவித்து உண்போம். கீறிக் காயவைத்து ஒடியலாக்கிக் கூழ் காய்ச்சுவோம். கொட்டையைப் பிளந்து பூரான் தின்ற இன்பத்தை மறந்தவர் எவருமிரார். ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். கிழங்கைக் கிண்டியெடுத்த பாத்தியிலே பனை வளர்வதில்லை. கிழங்கு வேண்டுமா, பனை வேண்டுமா என்பதை முன்கூட்டியே தீர்மானித்தல் வேண்டும்.

இவ்வினாவைத்தான் பெற்றோரை நோக்கி நாம் எழுப்ப விரும்புகிறோம். பிள்ளையைத் தமிழ் வகுப்பிற் சேர்த்து ஓராண்டு முடியுமுன்னரே, "இன்னும் ஒழுங்காகக் கதைக்கிறான் இல்லையே, மாஸ்ரர்" என்று கேட்போர் பலர். கணக்கிட்டுப் பார்ப்போம். வாரத்திற்கு இரண்டு மணித்தியாலம், ஆண்டிற்கு 36 வாரம். மொத்தம் 72 மணித்தியாலம். அதாவது மூன்று பகலும் மூன்று இரவும். ஆண்டு முழுவதிலும் தமிழ்ப் பாடசாலைக்குக் கிடைப்பது இவ்வளவே. இந்த மூன்று நாளிலே தளிரைக் காட்டு என்று கேட்டால் ஆசிரியர் என்ன செய்வார்? பஞ்சில் முளைக்கும் பயற்றைத்தான் காட்டுவார்.

பல நாடுகளிலும் எம்மவர் விழா மேடைகளிலே காணும் காட்சியொன்றை இங்கே வெளிப்படையாகக் குறிப்பிடுதல் தகும். ஏழு வயதுப் பிள்ளை மேடையேறி, தங்குதடையின்றி ஐந்து நிமிடம் தமிழிற் சொற்பொழிவாற்றுகிறது. சபை கரகோஷம் செய்கிறது. ஆனால் அப்பிள்ளையின் கையிலிருந்த தாளிலே தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்திலே எழுதப்பட்டிருக்கின்றன. தான் பேசிய வாக்கியத்தின் பொருளைக் கேட்டால் பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்கிறது. பிள்ளை மீது குற்றமில்லை. அதன் உழைப்பும் துணிவும் பாராட்டத்தக்கவையே. ஆனால் அது வேர் விடுமுன் கிண்டியெடுத்த கிழங்கு. அன்றைய பந்திக்கு உதவும், மரமாகாது. அதே ஐந்து நிமிடத்திற்குப் பதிலாக, அப்பிள்ளை தன் அப்பம்மாவுக்குத் தானே எழுதிய நான்கு வரிக் கடிதத்தை, எழுத்துப் பிழைகளோடேயே, மேடையில் வாசிக்குமாயின் நாம் இருமடங்கு கைதட்டுவோம்.

வேர் எது என்று வினவுவீர்களாயின், வீட்டுப் பேச்சே வேர் என்போம். சோறு போடும்போதும், சப்பாத்து மாட்டும்போதும், கோபிக்கும்போதும் தாய் தந்தையர் பேசும் தமிழே வேர். எழுத்தறிவு அவ்வேரைத் தடிக்கச் செய்யும். பிள்ளை ஆங்கிலத்தில் மறுமொழி சொல்லினும் பெற்றோர் தமிழிலேயே தொடர்ந்து பேசுதல் வேண்டும். மறுமொழி வராத அவ்வாண்டுகளை வீணான ஆண்டுகள் என்று எண்ணற்க. விளங்கிக்கொள்ளும் ஆற்றல் அப்போது உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது.

பயன் என்ன?

"தமிழ் படித்து இந்த நாட்டிலே என்ன பயன்?" என்பது அடுத்து வரும் வினா. நியாயமான வினாவே. அதற்கு விடையளிக்கக் கப்பல்களின் கதையொன்றைச் சொல்லவேண்டியுள்ளது.

மரக்கப்பல்களின் காலத்திலே பிரித்தானியாவின் கடற்படை ஓக் மரத்தையே நம்பியிருந்தது. 1765 ஆம் ஆண்டு நீரில் இறக்கப்பட்ட, நெல்சனின் கப்பலாகிய விக்ரறியைக் கட்டுவதற்கு ஏறத்தாழ 6,000 மரங்கள் வெட்டப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை ஓக். இவ்வாறு வெட்டி வெட்டி மரத்துக்குப் பஞ்சம் ஏற்பட்டது. எமது திருகோணமலையின் பெயர் பூண்ட போர்க்கப்பலொன்று 1817 ஆம் ஆண்டு பம்பாயிலே, ஓக்குக்குப் பதிலாகத் தேக்கு மரத்தாற் கட்டப்பட்டமைக்கும் இப்பஞ்சமே காரணம். இங்கிலாந்தின் வடகிழக்கே ஹாட்டில்பூல் துறையில் அக்கப்பலை இன்றும் பேணி வருகின்றனர். பெற்றோர் பிள்ளைகளை ஒருமுறையேனும் அங்கு அழைத்துச் செல்லலாம்.

1805 ஆம் ஆண்டு ட்ரஃபல்கர் போரிலே நெல்சனுக்கு அடுத்த நிலையில் நின்றவர் கொலிங்வுட் என்னும் தளபதி. விடுமுறையில் ஊருக்கு வரும்போதெல்லாம் சட்டைப் பையிலே ஓக் விதைகளை நிரப்பிக்கொண்டு, நடக்கும் வழியெங்கும் வேலியோரங்களில் அவற்றை இட்டுச் செல்வது அவர் வழக்கம் என்பர். நாட்டுக்கு வருங்காலத்திலே கப்பல் கட்ட மரம் வேண்டுமே என்பது அவர் கவலை. அவர் 1810 ஆம் ஆண்டு இறந்தார். ஓக் மரம் கப்பலுக்கு உதவும் பருவத்தை அடைய நூறாண்டுகளுக்கு மேல் வேண்டும். ஆனால் ஐம்பது ஆண்டுகள் கழிந்ததுமே, 1860 ஆம் ஆண்டிலே, வொரியர் என்னும் இரும்புடற் கப்பல் நீரில் இறங்கிற்று. மரப் போர்க்கப்பலின் காலம் முடிந்தது. கொலிங்வுட் எண்ணிய பயன் பொய்த்துப் போயிற்று, மரங்கள் பொய்க்கவில்லை. நிழல் தந்தன, பறவைகளையும் எண்ணற்ற பூச்சியினங்களையும் வாழ்வித்தன.

இன்னொன்றும் காண்க. 2019 ஏப்ரல் மாதத்தில் பாரிஸ் நகரின் நோத்ர் டாம் பேராலயத்தின் கூரையும் கூர்ங்கோபுரமும் எரிந்து வீழ்ந்தன. அவற்றை முன்போலவே மரத்தால் அமைப்பதென முடிவு செய்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓக் மரங்கள் பிரான்சின் காடுகளிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டன. அவற்றுட் சில 200 ஆண்டுகள் கடந்தவை. 2024 டிசெம்பரில் பேராலயம் மீளத் திறக்கப்பட்டது. அம்மரங்கள் முளைத்த காலத்திலே, இரு நூற்றாண்டுகளின் பின்னர் அவை இப்பணிக்கு வேண்டப்படும் என்று எவரறிவார்?

எனவே, பயனை இன்றே அளந்து காட்டு என்று கேட்பவருக்கு எமது விடை இதுதான். எம் பிள்ளைகள் நாற்பது வயதை அடையும்போது அவர்களுக்குத் தமிழ் எதற்கு உதவும் என்பதை நாமும் அறியோம், நீங்களும் அறியீர். மூப்பெய்திய தாய் ஆங்கிலத்தை மறந்து தமிழிலே மட்டும் பேசும் காலத்தில் உதவலாம். எமது வரலாற்றை எவரோ திரித்துரைக்கும்போது மூல ஆவணத்தைத் தானே வாசிக்க உதவலாம். நாம் எண்ணிப் பாராத வேறொன்றுக்கும் உதவலாம். மரம் நின்றால்தான் அது எதற்கும் உதவும்.

பிறர் நிலத்தில் ஒரு மரம்

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது எம் முன்னோர் மொழி. பனை பயன் தர 15 முதல் 20 ஆண்டுகள் செல்லும். ஓக் மரமோ பெரும்பாலும் 40 ஆண்டுகள் சென்ற பின்னரே விதை தரத் தொடங்கும். நாற்பது வயதைக் கடந்த எம்போன்றோர் இன்று ஒரு விதையை ஊன்றினால், அதன் முதல் விதையைக் காண்பதற்கு எண்பது வயதுக்கு மேல் வாழ்ந்திருத்தல் வேண்டும். அதிலும், அகதியாக வந்தவன் அந்நிய மண்ணில் மரம் நடுவானா என்று கேட்போரும் உளர். இங்கே மரம் நட்டால் ஊரை மறந்துவிட்டதாகப் பொருள் ஆகிவிடுமோ என்னும் தயக்கம் எம்மவர் நெஞ்சில் உண்டு. பல ஆண்டுகள் சென்ற பின்னரும் பெட்டியைக் கட்டி வைத்தவர்போல் வாழும் குடும்பங்களை நாம் அறிவோம். அத்தயக்கத்தை நாம் எள்ளி நகையாடோம். அது துயரத்திலிருந்து பிறந்தது.

எனினும், வன்னியிலே ஆசிரியப் பணி புரிந்த காலத்தை நினைந்து ஒன்று கூறுவோம். இடம்பெயர்ந்து சென்ற இடங்களிலே கட்டடமின்றி, மேசையுமின்றி, மரநிழலிலே வகுப்பு நடத்தியிருக்கிறோம். வேம்பின் கீழும் பாலையின் கீழும் பிள்ளைகள் மண்ணில் அமர்ந்து வாய்பாடு சொன்னார்கள். அந்த வேம்பை நட்டவர் யாரென நாம் அறியோம். அவரும், என்றோ ஒருநாள் ஊரிழந்த பிள்ளைகள் இதன் கீழ் அமர்ந்து படிப்பார்கள் என்று எண்ணி நட்டிருக்க மாட்டார். பிறர் நட்ட மரத்தின் நிழலைக் கடனாகப் பெற்றவர்கள் நாம். அக்கடனை எந்த மண்ணிலும் தீர்க்கலாம்.

அன்றியும், ஓக் மரமே இந்நாட்டுக்கு வந்து சேர்ந்த ஒன்றுதான். பனியூழிக் காலத்திலே பிரித்தானியாவில் ஓக் இருக்கவில்லை. குளிருக்குத் தப்பி அது தெற்கே, ஐபீரியக் குடாநாடு முதலிய வெப்பமான இடங்களிலே பிழைத்திருந்தது. பனி விலகிய பின்னர், ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னர், மெல்ல மெல்ல வடக்கே பரவி இத்தீவை அடைந்தது. அதன் விதையைச் சுமந்து வந்தவற்றுள் முதன்மையானது ஜே என்னும் பறவை. காக்கை இனத்தைச் சேர்ந்த அப்பறவை, குளிர்கால உணவுக்காக ஆயிரக்கணக்கான ஓக் விதைகளை மண்ணுள் ஒளித்து வைக்கும். மீள எடுக்காது விட்டவை மரங்களாயின. பனியூழியில் உயிரினங்கள் ஒதுங்கிப் பிழைத்த இடங்களுக்கு அறிவியலாளர் இட்ட பெயரே புகலிடம் என்னும் பொருளுடையதாகும். இன்று இங்கிலாந்தின் அடையாளமாகப் போற்றப்படும் மரத்தின் வரலாறு இது. எம் பிள்ளைகள் இதை அறிதல் நன்று.

மண்ணை மிதியாதீர்

பெற்றோருக்கு இன்னுமொரு செய்தி உண்டு. இலண்டனின் கியூ தாவரவியற் பூங்காவிலே 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடப்பட்ட ரேணர் ஓக் என்னும் மரம் நிற்கிறது. 1980 களிலே அது நலிவுற்றிருந்தது. 1987 ஒக்ரோபர் பெரும்புயல் அம்மரத்தை வேர்த்தட்டோடு தூக்கி, இருந்த குழியிலேயே மீண்டும் இருத்திற்று. அப்பூங்காவில் அன்றிரவு ஏறத்தாழ 700 மரங்கள் அழிந்தமையால், இதனை உடனே கவனிக்க எவருக்கும் நேரமிருக்கவில்லை. மூன்றாண்டுகளின் பின்னர் பார்த்தபோது அது முன்னிலும் செழிப்பாக இருந்தது. காரணத்தை ஆராய்ந்தவர்கள் கண்டது இது: ஆண்டாண்டு காலமாக மக்கள் அடிமரத்தைச் சூழ நடந்து மண்ணை இறுக்கிவிட்டனர். காற்றும் நீரும் வேருக்குச் செல்லவில்லை. புயல் அம்மண்ணை இளக்கிவிட்டது.

புயல் நல்லது என்று நாம் சொல்ல வரவில்லை. வீழ்ந்த மரங்களைக் கண்டவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். நாம் கொள்ளவேண்டிய பாடம், மண்ணை மிதித்து இறுக்கலாகாது என்பதே. சனிக்கிழமை காலை தமிழ், நண்பகல் நடனம், மாலை மிருதங்கம், ஞாயிறன்று கணிதமும் தேர்வுப் பயிற்சியும் நீச்சலும் என்று ஓடும் பிள்ளையின் மண் இறுகியிருக்கிறது. சற்றே இளக விடுங்கள். ஒன்றிரண்டைக் குறைத்து, அந்த நேரத்தில் பிள்ளையோடு தமிழிலே கதை பேசுங்கள்.

மாணவர்களுக்கு

மாணவச் செல்வங்களே, இனிச் செய்முறையைக் கவனியுங்கள்.

ஒக்ரோபர் மாதத்திலே அண்மையிலுள்ள பூங்காவுக்குச் சென்று, பச்சை நிறம் மாறிப் பழுப்பேறிய விதைகளைப் பொறுக்குங்கள். துளையுள்ளவற்றைத் தவிருங்கள். அவற்றை ஒரு வாளி நீரில் இடுங்கள். மிதப்பவற்றை ஒதுக்கித் தாழ்பவற்றை எடுங்கள். ஓக் விதை உலர்ந்தால் இறந்துவிடும்; ஆகையால் யன்னலோரத்தில் காயவிடாது விரைவில் ஊன்றுங்கள். ஒரு முழ ஆழமுள்ள சாடி நன்று. குறைந்தது ஒரு சாணேனும் ஆழம் வேண்டும். அடியிலே துளை இருத்தல் அவசியம். விதையைக் கிடையாக வைத்து, இரண்டு அல்லது மூன்று சென்ரிமீற்றர் மண்ணால் மூடுங்கள். சாடியை வீட்டினுள் வைக்காதீர்கள். குளிர் அதற்குத் தீங்கன்று. எலியும் அணிலும் தோண்டாதவாறு கம்பிவலையால் மூடுங்கள். மண் காயாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். வேறு வேலை இல்லை.

ஓரிரு ஆண்டுகளின் பின்னர், இலையுதிர்த்து உறங்கும் குளிர்காலத்திலே கன்றை நிலத்துக்கு மாற்றலாம். ஆனால் வீட்டுப் பின்வளவில் நடவேண்டாம். ஓக் பெருமரம்; அதன் வேர் இலண்டனின் களிமண்ணிலே நீரை உறிஞ்சி வீட்டின் அத்திவாரத்தையே அசைக்கக்கூடும். உங்கள் பகலிப் பாடசாலையிலோ பொதுப் பூங்காவிலோ உரியவரின் அனுமதி பெற்று, விதை பொறுக்கிய இடத்துக்கு அண்மையிலேயே நடுதல் நலம். தொலைதூரம் கொண்டு செல்லும் கன்றுகளோடு நோயும் பூச்சியும் பயணிக்கும். தொட்டால் தோலை அரிக்கும் மயிர்களையுடைய ஒருவகை ஓக் மயிர்க்கொட்டி, இறக்குமதியான மரங்களோடுதான் 2006 ஆம் ஆண்டு இலண்டனில் முதன்முதலாகக் காணப்பட்டது. மரத்திலே மயிர்க்கொட்டிக் கூடுகளைக் கண்டால் தொடாதீர்கள்.

ஒரு கொப்பியிலே வாரந்தோறும் திகதியிட்டு இரண்டு வரி எழுதுங்கள். "இன்று மழை. ஒன்றும் தெரியவில்லை" என்று எழுதினாலும் போதும். அது நீங்களே ஆக்கிய வாக்கியம். ஆங்கில எழுத்து வேண்டாம். பிழை வந்தால் அடித்துவிட்டு மேலே செல்லுங்கள். மண், ஈரம், வேர், முளை, தளிர், கணு, நுனி, சருகு என்னும் சொற்கள் எல்லாம் ஓராண்டுக்குள் உங்களுக்குச் சொந்தமாகிவிடும். ஐயமுள்ள சொல்லை வீட்டிலுள்ள பெரியவரிடம் கேளுங்கள். ஊரிலுள்ள அம்மம்மாவுடன் தொலைபேசியில் பேசும்போதும் கேளுங்கள். உங்கள் சாடியின் கதையைக் கேட்டதும் அவர் பனங்கொட்டைப் பாத்தியின் கதையைச் சொல்வார்.

பெற்றோரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. மார்ச் மாதம் வரையில் சாடியிலே எதுவும் தோன்றாது. பிள்ளை பொறுமையிழந்து விரலால் மண்ணைக் கிளற முனையும். நீங்களும் அது பழுதாகிவிட்டதென எண்ணி, சாடியைக் கவிழ்த்துப் பார்க்க விரும்புவீர்கள். அவ்வாறு செய்யாதீர்கள். இறங்கும் வேரை முறித்துவிடுவீர்கள். மண்ணைச் சற்றே நனைத்துவிட்டு, பிள்ளையை அழைத்து, அந்த வாரத்துக்குரிய இரண்டு வரியை எழுதச் சொல்லுங்கள்.